செம்பருத்திக்கு எலுமிச்சை போதவில்லை

இதை எழுத ஒரே காரணம், பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. கோயிலில் பார்க்கிறவர், பாசார் சந்தையில் பார்க்கிறவர், கல்யாண மண்டபத்தில் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்கிறவர், எல்லோருக்கும் ஒரே கேள்வி. "கண்ணுல என்னமோ ஆயிருச்சாமே, இனிப்பு நீரா?" இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, எனக்குப் பதினோரு வருடமாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் என் கண்ணைத் தொட்டது அது இல்லை. காசநோயும் இல்லை. காசநோய்க்குக் கொடுத்த மருந்து. அது தெரியாமல் ஏழு வாரம் நான் எலுமிச்சையைத் திட்டிக்கொண்டிருந்தேன். இனிமேல் யாராவது கேட்டால் இந்தத் தாள்களைக் கையில் கொடுத்துவிட்டு நான் பாட்டுக்குச் சாப்பிடப் போகிறேன்.

என் பெயர் சரோஜா. கோப்பெங் ஊருக்கு வெளியே, ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுக் கட்டிய தாமான் குடியிருப்பில் எங்களுடையது மூலை வீடு. மூலை வீடு என்பதால் பக்கவாட்டில் கொஞ்சம் நிலம், அதில் முழுக்கப் பூ. ஈப்போவில் ஒரு தையல் கடையில் வேலை. சேலைக்கு ரவிக்கைத் துணி, துணிக்கு உள்துணி, அதற்கு நூல், மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்த்து எடுத்துக் கொடுப்பது. ஒரே சிவப்பில் பதினெட்டு நூல்கண்டு இருக்கும். பதினெட்டில் எது என்று நான் விளக்குக்குக்கூடக் கொண்டுபோகாமல் சொல்லுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் வரப்போகிற அசிங்கத்துக்காகச் சொல்கிறேன்.

வீட்டில் ஒரு தடித்த நோட்டு வைத்திருக்கிறேன். பக்கத்துக்கு ஒரு பூ. இடது புறம் இதழை அமுக்கிக் காயவைத்து ஒட்டியிருப்பேன், வலது புறம் அதே பூவை இடித்துப் பிழிந்த சாற்றால் ஓவியம். பூ செடியில் காட்டுகிற நிறம் ஒன்று, காகிதத்துக்குக் கொடுக்கிற நிறம் இன்னொன்று. சாமந்தி நேர்மையான பூ, மஞ்சளைக் காட்டி மஞ்சளைக் கொடுக்கும். சங்குப்பூவும் பரவாயில்லை. செம்பருத்திதான் பொய்க்காரி. செடியில் அவ்வளவு சிவப்பாக நிற்கும், காகிதத்தில் தேய்த்தால் கத்திரிக்காய்த் தோல் மாதிரி ஊதாவாக இறங்கும். அதில் எலுமிச்சைச் சாறு விட்டால் சிவக்கும். நான் விடுவது லிமாவ் கஸ்தூரி என்ற குட்டி எலுமிச்சை, மூன்று சொட்டு. சிவக்குமே தவிர, செடியில் இருக்கும் அந்தச் சிவப்பு வராது. அதைப் பிடித்தே தீருவது என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் ஓர் அட்டையில் ஒரு செம்பருத்தி வரைந்து, பின்னால் தேதி போட்டு வைத்துவந்தேன்.

அப்போதுதான் இருமல். துணித் தூசி என்று நினைத்தேன். உடம்பு இளைத்தது, சாப்பாட்டைக் குறைத்ததால் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். கடைக்கு வந்தவர்கள் என்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று ரகசியம் கேட்டார்கள். இரண்டு மாதம் கழித்துக் கைக்குட்டையில் ரத்தம் பார்த்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனோம்.

அங்கே நம்பர் எடுத்து உட்கார்ந்தோம். கூப்பிட்டார்கள், போனோம், எக்ஸ்ரேக்கு அனுப்பினார்கள். அங்கே வேறு நம்பர். எக்ஸ்ரே எடுத்துத் திரும்பி வந்தால் பழைய நம்பர் தாண்டிவிட்டது, புதிதாக எடு என்றார்கள். நடக்கவே முடியாதவர்களுக்குத்தான் ஆஸ்பத்திரியில் இத்தனை நடை. என் வீட்டுக்காரர் தொழிற்சாலை பஸ் ஓட்டுபவர், எங்கே நிறுத்தினாலும் பொறுமையாக உட்கார்ந்திருப்பார். "ஒக்காருலா சரோ, கூப்புடுவாங்க" என்றார். அந்தப் பொறுமையைப் பார்க்கப் பார்க்க எனக்கு இருமல் அதிகமானது.

சளிப் பரிசோதனை என்பது வேறொன்றும் இல்லை. நெஞ்சின் அடியிலிருந்து இருமி ஒரு சின்னக் குப்பியில் துப்பிக் கொடுக்க வேண்டும். அதைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கிருமிக்கும் சாயம்தான். என் கிருமி நன்றாகச் சாயம் பிடித்திருந்ததாம். காசநோய். கூடவே ரத்தத்தில் சீனி ஏறியிருந்தது, சிறுநீரகம் கொஞ்சம் களைத்திருந்தது. வீட்டுக்கு விடமாட்டோம் என்று தனி வார்டில் போட்டார்கள். பதினெட்டு நாள்.

மருந்து நாலு. சேர்ந்து சாப்பிட வேண்டும், ஒரு நாள் தவறினாலும் கிருமி பழகிக்கொள்ளும். நாலில் ஒன்று உடம்பில் இருந்து வரும் எல்லாத் தண்ணீரையும் ஆரஞ்சாக்கும், பயப்படாதீர்கள் என்றார்கள். இன்னொன்றின் பெயர் எத்தம்பியூட்டால். அது சில பேருக்குக் கண் நரம்பைத் தொடும், முக்கியமாகச் சிறுநீரகம் பலமில்லாதவர்களுக்கு, ஏனென்றால் மருந்து சரியாக வெளியேறாமல் உடம்பிலேயே தங்கிவிடும். உங்களுக்கு அளவைக் குறைத்துத்தான் கொடுக்கிறோம், பார்வையில் எந்த மாற்றம் வந்தாலும் உடனே சொல்லுங்கள் என்றார்கள். ஆரம்பிக்கும்முன் கண்ணைச் சோதித்தார்கள். எழுத்துப் பலகை, பிறகு ஒரு புத்தகம். அதில் பக்கம் பக்கமாக வண்ணப் புள்ளிகள், புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைச் சொல்ல வேண்டும். அவர்கள் பக்கம் திருப்பும்முன் நான் சொல்லி முடித்தேன். சோதித்த பெண் சிரித்துவிட்டார். நானும் கர்வத்தோடு வந்து படுத்தேன்.

அந்த வார்டைப் பற்றி என்ன சொல்ல? சுவர் வெள்ளை, போர்வை வெள்ளை, கஞ்சி வெள்ளை. பூ கொண்டுவரக் கூடாது. சட்டம் தெரிந்த என் அண்ணி முகக்கவசம் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் ரோஜாக் கொத்தோடு வந்தார். "இதுக்குத் தண்ணி ஊத்த வேணாம் பாரு" என்றார். அன்புதான், தெரியும். ஆனால் உலகத்தில் எந்த ரோஜாவும் அந்த நிறத்தில் பூத்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன், அவர் போனதும் மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினேன்.

என் வீட்டுக்காரர் வேறு வழி கண்டுபிடித்தார். தினமும் காலையில் தோட்டத்தில் நின்று கைபேசியில் பூக்களைப் படமெடுத்து அனுப்பினார். எல்லாப் படத்திலும் அவருடைய கட்டைவிரல் இருந்தது. இட்லிப்பூவும் கட்டைவிரலும், காகிதப்பூவும் கட்டைவிரலும். போனில் சொன்னேன், விரலை எடுங்கள் என்று. மறுநாள் விரல் இல்லை, பூவும் இல்லை, வேலி இருந்தது. இந்த மனிதருக்கு நிறம் என்றால் சாலை விளக்கில் இருக்கும் மூன்றுதான். முப்பது வருடமாக நான் எந்தச் சேலையைக் காட்டிக் கேட்டாலும் "நல்லாருக்கு" என்பார். ஒருநாள் அந்த வேலிப் படத்தைப் பார்த்து அழுதேன். கண்ணைத் துடைத்த தாளில் இளம் ஆரஞ்சாக ஒரு கறை. மருந்து வேலை செய்கிறது. நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி அந்தத் தாளை ஒட்டி, "கண்ணீர், இட்லிப்பூவுக்கு ஒரு பங்கு குறைவு" என்று எழுதினேன். அந்தப் பதினெட்டு நாளில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை அது.

வீட்டுக்கு வந்த பிறகு தினமும் காலையில் அரசாங்கக் கிளினிக். அங்கே நர்ஸ் மிஸ்ஸியின் கண்ணெதிரில் மாத்திரைகளை விழுங்க வேண்டும், வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார்கள். கவிதா மிஸ்ஸி நல்ல பெண், ஆனால் வாயைத் திறந்து காட்டச் சொல்வாள், நாக்கைத் தூக்கச் சொல்வாள். ஐம்பத்தாறு வயதில் எனக்கு அது தேவையா? திங்கட்கிழமை மட்டும் கூடுதலாக ஒரு கேள்வி.

"கண்ணு எப்படிக்கா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

இரண்டு மாதம் முடிந்ததும் மருந்து இரண்டாகக் குறையும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். சளியில் இன்னும் கிருமி இருந்தது. நாலு மருந்தும் இன்னொரு மாதம் என்றார்கள். அன்று நான் மிஸ்ஸியோடு பேசவில்லை, அவள் என்ன செய்வாள் பாவம்.

இதற்கு நடுவில்தான் என் ஞாயிற்றுக்கிழமை அட்டைகள் கெடத் தொடங்கின. மூன்று சொட்டு எலுமிச்சை விட்டும் செம்பருத்திச் சாறு சிவக்கவில்லை. மங்கலாக, துரு மாதிரி இருந்தது. எலுமிச்சை பழசு என்று நினைத்தேன். புதுப் பழம் வாங்கி ஆறு சொட்டு விட்டேன். அடுத்த வாரம் அரைக் கரண்டி, இரண்டு பூவுக்குப் பதில் ஐந்து பூ. அதற்கடுத்த வாரம் ஒன்பது. காகிதம் மட்டம் என்று ஈப்போவில் வேறு காகிதம் வாங்கிவரச் சொன்னேன். பழைய அட்டைகளை எடுத்துப் பார்த்தால் அவையும் மங்கியிருந்தன. பூச்சாறுதானே, நாளானால் மங்கும், அது எனக்குத் தெரிந்த விஷயம், அதனால் அதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. கடைசியில் செடியில் இருந்த பூவே பழுப்படித்து நின்றது. என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் ஆஸ்பத்திரில இருந்தப்ப செடிக்கு என்ன ஊத்துனீங்க?"

"தண்ணி."

"வெறும் தண்ணியா?"

"தண்ணின்னா தண்ணிதான்லா. வேற என்னத்த ஊத்துவாங்க?"

"பூவப் பாருங்க, எப்படி வெளிறிப்போய் நிக்குதுன்னு."

அவர் பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு" என்றார். சேலைக்குச் சொல்லும் அதே "நல்லாருக்கு". எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று அவருக்குத் தேநீர் போடவில்லை. இன்னொரு ஞாயிறு, காயவைத்த அட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன சரோ, வாரத்துக்கு வாரம் செவப்பா போயிக்கிட்டே இருக்கு?" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து அறைக்கதவைச் சாத்தினேன். அடுத்த நாள் திங்கட்கிழமை. கவிதா மிஸ்ஸி கேட்டாள். கண் நல்லாத்தான் இருக்கு என்றேன்.

பொய் சொல்லவில்லை. எழுத்து தெரிந்தது, முகம் தெரிந்தது. நிறத்தைப் பற்றி மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை, ஏனென்றால் அது எலுமிச்சையின் குற்றம். நிறத்தைப் பற்றி இவ்வளவு தெரியாத ஒருவருக்கு இது நடந்திருந்தால் அடுத்த நாளே போய்ச் சொல்லியிருப்பார். எனக்கு ஒவ்வொரு மங்கலுக்கும் ஒரு காரணம் தெரிந்திருந்தது, அதுதான் வினை.

ஒரு சனிக்கிழமை கோப்பெங் பாசாரில் மிளகாய்க் கடைக்காரரோடு சண்டை. சம்பல் துவையல் அரைக்கச் சிவப்பு மிளகாய் வேண்டும், அவர் பழுப்பு மிளகாயைக் குவித்து வைத்துக்கொண்டு சிவப்பு என்கிறார். "எனக்கா கலர் சொல்லித் தாரீங்க? பதினெட்டுச் செவப்பு எனக்குத் தெரியும்" என்று கத்தினேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் அரை கிலோ வாங்கிக்கொண்டு என்னை வண்டியில் ஏற்றினார். சாலை விளக்கில் வண்டி நின்றபோதெல்லாம் அந்த மிளகாய்ப் பையைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், எனக்குக் கோபம்.

திங்கட்கிழமை கிளினிக்கில் மிஸ்ஸி கண்ணைப் பற்றிக் கேட்டாள். நான் வாயைத் திறக்கும்முன், கூட வந்த என் வீட்டுக்காரர் ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து என் அட்டைகளை எடுத்தார். தேதி வாரியாக, மருந்து மேசையின் மேல், ஏழு அட்டைகளையும் வரிசையாக வைத்தார்.

"இவ சொல்ல மாட்டா, மிஸ்ஸி. நீங்களே பாருங்க."

கவிதா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். "அக்கா, இந்த ஏழும் உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"எப்படித் தெரியும்? எல்லாம் ஒரே மாதிரி மோசமா இருக்கு."

"முத அட்டை ரோஸு," என்றார் என் வீட்டுக்காரர். "கடைசி அட்டை பிரேக் லைட்டு."

மிஸ்ஸி அன்றைய மாத்திரையைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய் டாக்டரிடம் சொன்னாள். அன்று மத்தியானமே கண் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். சீனப் பெண், மலாயில் மெதுவாகப் பேசினார். சொட்டு மருந்துப் புட்டியின் மூடியை என் வலது கண்ணுக்கு நேரே பிடித்து என்ன நிறம் என்றார். பழுப்பு என்றேன். இடது கண்ணுக்கு நேரே பிடித்தார். பழுப்பு, இன்னும் கொஞ்சம் அழுக்கு என்றேன். பின்னால் நின்ற என் வீட்டுக்காரர் மூச்சை இழுத்தது கேட்டது. மூடி சிவப்பாம். பிறகு அந்தப் புள்ளிப் புத்தகம். மூன்று மாதம் முன்னால் பக்கம் திருப்பும்முன் எண்ணைச் சொன்னவள், முதல் பக்கம் தவிர ஒன்றிலும் எண்ணைக் காணவில்லை. வெறும் புள்ளிகள். அவ்வளவு பெரிய புத்தகத்தை எனக்கு எதிராக யாரோ மாற்றி அச்சடித்த மாதிரி இருந்தது.

எத்தம்பியூட்டாலை அன்றே நிறுத்தினார்கள். அதற்குப் பதில் வேறு ஏற்பாடு செய்து காசநோய் வைத்தியத்தைத் தொடர்ந்தார்கள். "சிவப்பு திரும்ப வருமா?" என்று கேட்டேன். பெரும்பாலும் வரும், சிலருக்கு முழுக்க, சிலருக்குக் கொஞ்சம், மாதங்கள் ஆகலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். சீக்கிரம் கண்டுபிடித்தது நல்லது, இன்னும் சில வாரம் போயிருந்தால் எழுத்தும் போயிருக்கும் என்றார். சிவப்பு இல்லாமல் தையல் கடையில் எனக்கு என்ன வேலை? தோட்டத்தில்தான் என்ன வேலை? பயந்துபோனேன். கைக்குட்டையில் ரத்தம் பார்த்தபோதுகூட அப்படிப் பயப்படவில்லை.

வீட்டுக்கு வந்து நோட்டை மூடினேன். கடை முதலாளியம்மா என் வேலை அப்படியே இருக்கும் என்று சொல்லியனுப்பினார். அண்ணி வந்து சீனியைக் குறை என்றார். எதிர்வீட்டுக்காரர் கேரட் சாறு என்றார். இது சீனி இல்லை, இது கேரட் விஷயம் இல்லை என்று நான் விளக்க, அவர்கள் தலையாட்டிவிட்டு மறுபடி சீனி என்றார்கள்.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஒரு வேலை கொடுத்தேன். செம்பருத்தி ஒரு நாள் பூ, சாயங்காலம் சுருண்டுவிடும். தினம் காலையில் ஒன்றைப் பறித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அது என்ன நிறம் என்று பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் எழுத வேண்டும். "சும்மா செவப்புன்னு எழுதாதீங்க. எந்தச் செவப்பு, ஓரத்துல எப்படி, நடுவுல எப்படி, அதெல்லாம் வேணும். நான் பாக்க முடியாத நாளுக்கு யாராவது பாத்து வைக்கணும்" என்றேன்.

"சரிலா," என்றார்.

அவர் என்ன எழுதுகிறார் என்று நான் பார்க்கவில்லை. பார்த்தால் கோபம்தான் வரும். தினம் பூ வந்தது, தினம் பழுப்பாக வந்தது, தினம் "தெரியுதா?" என்று கேட்டார். "தெரியல. தினம் கேக்காதீங்க" என்றேன். மறுநாளும் கேட்டார். இரண்டு மாதம் இப்படி. பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்திலும் பறித்து வைத்துவிட்டுத்தான் போனார், சில நாள் எறும்போடு.

போன மாதம் ஒரு காலை, தோசையைப் பிய்த்துக்கொண்டே தட்டுக்குப் பக்கத்தில் பார்த்தேன். பூவின் தொண்டையில், இதழ்கள் சேரும் இடத்தில், ஏதோ இருந்தது. ஒட்டிக்கொண்ட அழுக்கு என்று தொட்டேன், போகவில்லை. இடது கண்ணை மூடினேன். சிவப்பு. ஓரம் வரை இல்லை, நடுவில் மட்டும், ஆனால் சிவப்பு. வலது கண்ணை மூடினேன், போய்விட்டது. மறுபடி இடதை மூடினேன், இருந்தது. இப்படியே மூடித் திறந்து மூடித் திறந்து பார்க்க, எதிரில் உட்கார்ந்திருந்தவர் கையில் தோசையோடு அசையாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அவர் கேட்கவில்லை.

"அந்த நோட்ட எடுங்க," என்றேன்.

எந்தச் சிவப்பு என்று ஒத்துப் பார்க்கத்தான் கேட்டேன். முதல் பக்கத்தில் "செவப்பு. சரோவுக்குத் தெரியல" என்று இருந்தது. அடுத்த வரி, அடுத்த தேதி, "செவப்பு. சரோவுக்குத் தெரியல." அதற்கடுத்ததும் அதுவே. ஒரு நாள், "மழை. பூ இல்ல. சரோ சாப்புடல." பிறகு மறுபடி செவப்பு, சரோவுக்குத் தெரியல. ஓரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, நடுவைப் பற்றி இல்லை. அறுபத்துச் சொச்சம் நாளுக்கு அதே நிறம், அதே எழுத்து. பாதியில் ஒரே ஒரு வரி கொஞ்சம் நீளமாக இருந்தது. "செவப்பு. சரோவுக்குத் தெரியல. நான் ரொம்ப நேரம் பாத்து வச்சிக்கிட்டேன்."

எனக்குத் தெரிந்த அத்தனை திட்டும் மறந்துபோனது. பேனாவை வாங்கி அன்றைய தேதியில் நானே எழுதினேன். "வலது கண்ணுக்கு நடுவில் தெரிகிறது. இடதுக்கு இன்னும் இல்லை." நோட்டை அவர் பக்கம் திருப்பினேன். ஒரு வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது, அவர் படித்துக்கொண்டே இருந்தார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நாளையிலேருந்து நான் எழுத வேணாமா?"

"எழுதுங்க," என்றேன். "இடது கண்ணு பாக்கி இருக்கு."